ரிவிட்டை எண்ணினால் வயது தெரியும்

கோலாலம்பூரில் தெருவுக்கு மேலே ரயில் போகும் இடங்களில் யாரும் நின்று அண்ணாந்து பார்ப்பதில்லை. நிற்க இடமும் இருக்காது. லோரி உறுமும், மோட்டார் சைக்கிள் இடுக்கில் நுழையும், மேலே கொமுட்டர் மின்ரயில் தடதடத்துப் போகும். நகரத்தின் ரயில் வரலாறு என்றால் எல்லோரும் 1910இல் திறந்த பழைய நிலையத்தைத்தான் காட்டுவார்கள். கட்டடக் கலைஞர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்த அந்த வெள்ளை மாடங்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அந்த நிலையம் வரை வண்டியைத் தாங்கிக் கொண்டுவந்த தெருப் பாலங்களுக்குக் கல்வெட்டு கிடையாது, திறப்புவிழாப் பலகை கிடையாது. ஆனால் அவற்றின் வரலாறு அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது. இரும்பும் செங்கல்லும் கட்டையுமாக எழுதியிருப்பதை நடைபாதையில் நின்றபடியே படித்துவிடலாம். எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதலில், தண்டவாளம் தெருவுக்கு மேலே எப்படி ஏறியது? 1886 செப்டம்பர் 15ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கும் புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஆற்றைக் கடக்கும் கோன்னாட் பாலம் 1890இல் முடிந்த பிறகுதான் வண்டி கிள்ளான் ஊருக்குள் போனது. அந்தக் காலத்துக் கோலாலம்பூர் சின்ன ஊர். 1881இல் தீயும் வெள்ளமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அத்தாப்புக் கூரைகளை அழித்ததும், செங்கல்லில் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் பிடிவாதம் பிடித்ததும், அதற்காகச் சூளைகள் எழுந்த இடம் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரைப் பெற்றதும் பலருக்கும் தெரிந்த கதை. தண்டவாளம் போட்டபோது குறுக்கே வந்த வண்டிப் பாதைகளுக்குக் கேட்டும் கேட்காரரும் போதுமாக இருந்தன. மாட்டுவண்டி நின்று, ரயில் போன பிறகு நகர்ந்தது. தெருவில் போக்குவரத்து பெருகி, ரயில்களும் பெருகியபோது இரண்டில் ஒன்று மேலேயோ கீழேயோ போயாக வேண்டியிருந்தது.

எது மேலே, எது கீழே என்பதைச் சரிவுக் கணக்குதான் தீர்மானிக்கும். ரயில் 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுவதே பாரமான சரக்கு வண்டிக்குச் சிரமம். அந்தக் கணக்கில் 5 மீட்டர் உயர, பாலத்துக்கு இருபுறமும் 500 மீட்டர் மண்மேடு எழுப்ப வேண்டும். தெருவோ 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கினாலும் வண்டிகள் சமாளிக்கும். 100 மீட்டரில் வேலை முடியும். ஆகவே தண்டவாளத்தைக் கொஞ்சம் உயர்த்தி, தெருவை நிறையத் தாழ்த்துவதுதான் மலிவு. பழைய ரயில் பாலத்தின் அடியில் தெரு கிண்ணம் போலக் குழிந்திருப்பதற்கு இதுதான் காரணம். அந்தக் குழிவே பின்னால் இரண்டு தீராத தொல்லைகளைக் கொண்டுவந்தது. ஒன்று மழைநீர், இன்னொன்று உயரமான லோரி. இரண்டுக்கும் பிறகு வருகிறேன்.

உயரத்தில் ஒவ்வோர் அங்குலமும் காசு என்பதால் பாலத்தின் வடிவமும் அதற்கேற்ப மாறியது. கர்டர் என்பது பாலத்தைத் தாங்கும் இரும்பு விட்டம். அதன் ஆழம் பொதுவாக அது தாண்டும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை இருக்கும். 15 மீட்டர் அகலத் தெருவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர். இரண்டு கர்டர்களை வைத்து அவற்றின் தலைமேல் கட்டையும் தண்டவாளமும் போட்டால் அது எளிய பாலம். ஆனால் அந்த ஆழம் முழுவதும் தெருவின் உயரத்திலிருந்து பறிபோகும். அதனால் தெருவுக்கு மேலான பாலங்களில் கர்டர்களை இரண்டு பக்கமும் சுவர் போல நிறுத்தி, அவற்றின் அடிப்பகுதியில் குறுக்கு உத்திரங்களைக் கோத்து, ரயிலைத் தொட்டிக்குள் ஓடவிடுவார்கள். இந்தத் தொட்டி அமைப்பில் தெருவுக்கு ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட மிச்சமாகும். இழப்பும் உண்டு. கர்டரின் மேல் விளிம்பை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்ட வழியில்லை. நடுவில் ரயில் போகிறதே. அந்த விளிம்பு பக்கவாட்டில் நெளியாமல் காப்பது குறுக்கு உத்திரமும் கர்டரும் சேரும் மூலையில் இருக்கும் முக்கோணத் தகடுதான். பழைய பாலத்தில் அந்த மூலைத் தகடு வளைந்தோ துருவில் ஓட்டை விழுந்தோ இருந்தால் அதை அழகுக் குறை என்று விட முடியாது. பாலத்தின் உயிர்நாடி அது.

இனி ரிவிட், அதாவது இரும்புத் தகடுகளைப் பிணைக்கச் சூடாக்கி அடிக்கும் ஆணி. பாலத்தின் வயதைச் சொல்வதில் இதற்கு மிஞ்சிய சாட்சி இல்லை.

கர்டரின் பக்கவாட்டில் கவிழ்த்த கிண்ணங்கள் போல வரிசை வரிசையாக உருண்டைத் தலைகள் தெரிந்தால் அது ரிவிட் பாலம். ஆறுமூலைத் தலையும் வாஷரும் தெரிந்தால் போல்ட். ஒன்றுமே இல்லாமல் தகடுகள் வழுவழுவென்று கூடினால் வெல்டிங். தோராயமாகச் சொன்னால், ரிவிட் மட்டும் உள்ளது இரண்டாம் உலகப் போருக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். முழுக்க வெல்டிங் என்றால் போருக்குப் பிந்தையது. அதிக இறுக்கம் தரும் போல்ட் 1950களுக்குப் பிறகு ரிவிட்டின் இடத்தைப் பிடித்தது. ஆகவே ரிவிட் வரிசைக்கு நடுவே எட்டுப் பத்து போல்ட் தெரிகிறதென்றால், அந்த இடத்தில் பின்னாளில் ஏதோ பழுது பார்த்திருக்கிறார்கள். லோரி இடித்ததாக இருக்கலாம், துருவாக இருக்கலாம். கீழ் விளிம்பில், தெருவின் நடுவுக்கு நேர்மேலே இருந்தால் பெரும்பாலும் லோரிதான்.

ரிவிட் அடிப்பது நான்கு பேர் வேலை. ஒருவர் உலையில் செஞ்சூடாக்கி இடுக்கியால் தூக்கிப் போடுவார். ஒருவர் பிடித்துத் துளையில் சொருகுவார். ஒருவர் தலைப்பக்கம் முட்டுக் கொடுப்பார். ஒருவர் மறுபக்கம் அடித்து இரண்டாவது தலையை உருவாக்குவார். சூடான ரிவிட் துளையை நிரப்பும். ஆறும்போது நீளத்தில் சுருங்கித் தகடுகளைக் கவ்விப் பிடிக்கும். அந்தக் கவ்வுதான் அதன் பலம். மலாயாவுக்கான இரும்புப் பாலங்கள் பிரிட்டனின் பட்டறைகளில் துண்டு துண்டாகச் செய்து கப்பலில் வந்தவை. பட்டறையில் இயந்திரம் அழுத்திய ரிவிட் தலைகள் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும். இங்கே தெருவோரத்தில் சாரம் கட்டி அடித்தவை சற்றுக் கோணலாக, ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்கும். கர்டரின் நீளத்தில் எந்த இடத்தில் தலைகள் கோணலாகின்றனவோ அந்த இடம்தான் கப்பலில் வந்த துண்டுகளைச் சேர்த்த மூட்டு. அந்தக் கோணலில் கோலாலம்பூர் வெயிலில் நின்றவர்களின் கை தெரிகிறது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

ரிவிட்டுகளின் இடைவெளியையும் கவனியுங்கள். கர்டரின் இரு முனைகளிலும் நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் இருக்கும். பாரம் முனைகளில் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சறுக்கவைக்கப் பார்க்கும்; அதைத் தடுக்க அங்கே நிறைய ரிவிட் தேவை. நடுவில் வேறு வேலை: அங்கே வளைவு அதிகம், ஆகவே விளிம்புத் தகடு தடிமனாக வேண்டும். பழைய பொறியாளர்கள் முழு நீளத்துக்கும் தடித்த தகடு போட்டு இரும்பை வீணாக்கவில்லை. நடுவில் மூன்று தகடு, அடுத்து இரண்டு, முனையில் ஒன்று என்று படிப்படியாக அடுக்கினார்கள். கீழே நின்று விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் அந்தப் படிகள் தெரியும். கணக்குப் போட்டுக் கட்டிய பாலம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

அளவுநாடாவும் வயது சொல்லும். தகட்டின் தடிமன் 12.7 மில்லிமீட்டர் வந்தால் அது அரை அங்குலத் தகடு. ரிவிட் தண்டு 22 மில்லிமீட்டர் என்றால் எட்டில் ஏழு அங்குலம். மலேசியா 1970களில்தான் மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கியது. சரியாக 12 மில்லிமீட்டர் தகடும் 20 மில்லிமீட்டர் போல்ட்டும் இருந்தால் அது அதற்குப் பின் வந்த சேர்க்கை என்று கொள்ளலாம். அரை அங்குலத் தகட்டில் 1.4 மீட்டர் ஆழமும் 15 மீட்டர் நீளமும் உள்ள கர்டருக்கு நடுத்தகடு மட்டுமே இரண்டு டன்னைத் தாண்டும். விளிம்பும் ‘எல்’ வடிவ ஆங்கிளும் சேர்ந்தால் இன்னும் எவ்வளவோ. இதைக் கப்பலிலிருந்து இறக்கி, சரக்கு வண்டியில் ஏற்றி, கையால் சுற்றும் தூக்கிகளும் மரக்கட்டை அடுக்குகளும் கொண்டு உட்காரவைத்தார்கள்.

உருக்காலையின் பெயர் இன்னொரு சாட்சி. ஆங்கிள்களிலும் உத்திரங்களிலும் உருட்டும்போதே ஆலைப் பெயரைப் புடைப்பெழுத்தில் பதிப்பது பிரிட்டிஷ் வழக்கம். டோர்மன் லாங், பிராடிங்ஹாம், கார்கோ பிளீட், லனார்க்ஷர் போன்ற பெயர்கள் காலனி நாடுகளின் பழைய இரும்பில் கிடைக்கும். பத்து அடுக்குப் பெயிண்டுக்கு அடியில் இருந்தாலும் காலைச் சாய்வெயிலில் எழுத்தின் நிழல் தெரியும். மதியம் போனால் ஒன்றும் தெரியாது.

கர்டர் முனை உட்காரும் இடத்துக்கு வருவோம். அதைப் பேரிங் என்பார்கள். சின்னப் பாலங்களில் அது தகட்டின்மேல் சறுக்கும் தகடு, அவ்வளவுதான். ஒரு முனையில் துளை வட்டமாக இருக்கும். அது அசையாத முனை. மறுமுனையில் துளை நீளவட்டம். இரும்பு வெப்பத்தில் நீளும்போது நகர இடம். 15 மீட்டர் கர்டர் 30 டிகிரி சூடேறினால் சுமார் 5.4 மில்லிமீட்டர் நீளும். நம் ஊரில் விடியற்காலைக்கும் நேரடி வெயில் விழும் பிற்பகலுக்கும் இரும்பில் அந்த வித்தியாசம் வந்துவிடும். ஐந்து மில்லிமீட்டர் என்ன பெரிது என்று தோன்றும். ஆனால் பேரிங்கைச் சுற்றி ஜல்லித் தூளும் புறா எச்சமும் இலைச்சருகும் சேர்ந்து, மழையில் ஊறி, துருவோடு இறுகிவிட்டால் கர்டர் நகர முடியாது. நகர முடியாத கர்டர் தள்ளும். தள்ளினால் அடியில் இருக்கும் கருங்கல் படுகை வெடிக்கும்; பாலத்தின் முனையைத் தாங்கும் முட்டுச்சுவரின் மேல்வரிசைச் செங்கல் பெயரும். பழைய பாலங்களில் சுவரின் உச்சியில் பேரிங்குக்குக் கீழே சாய்வாக ஓடும் விரிசலுக்கு இதுவே வழக்கமான காரணம். வைத்தியம் மலிவு: வருடத்துக்கு இரண்டு முறை துடைத்துக் கூட்டுவது. மலிவான வேலை என்பதாலேயே அது முதலில் கைவிடப்படுகிறது.

முட்டுச்சுவரைப் படிப்பது வேறு கலை. செங்கல் வரிசையில் ஒன்று முழுநீளம் காட்டி, அடுத்த வரிசை தலைகாட்டி மாறிமாறி வந்தால் அது ஆங்கிலக் கட்டு. பாரம் தாங்கும் சுவருக்கு அதைத்தான் நம்பினார்கள். சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாக இணைப்பு ஓடி, அதற்கு இருபுறமும் செங்கல்லின் நிறம் மாறினால், அங்கே பாலத்தை அகலப்படுத்தியிருக்கிறார்கள். ஒற்றைத் தடம் இரட்டைத் தடமான கதை அந்தக் கோட்டில் இருக்கிறது. செங்கல்லுக்குப் பதில் வெறும் கான்கிரீட் ஒட்டியிருந்தால் அது அதற்கும் பிந்திய காலம். கோலாலம்பூரைச் சுற்றிய தடங்கள் மின்மயமாகி 1995இல் கொமுட்டர் ஓடத் தொடங்கிய காலத்தை ஒட்டி இப்படிப் பல வேலைகள் நடந்தன.

சுவரில் வரிசையாக இருக்கும் சிறு ஓட்டைகள் நீர் கசிய விட்டவை. சுவருக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு மழையில் ஊறினால் அந்த நீரின் அழுத்தம் சுவரை முன்னே தள்ளும். ஓட்டை வழியே நீர் சொட்டினால் நல்லது. மழை நின்ற பிறகும் ஓட்டைகள் காய்ந்திருக்க, செங்கல் இணைப்புகளில் வெள்ளை உப்புக் கோடுகள் வழிந்தால் நீர் வேறு வழி தேடுகிறது என்று அர்த்தம். ஓட்டைகளைச் சிமெண்டால் பூசி ‘அழகாக்கி’ விடுவது நம்மூரில் நடக்கும் தவறு. அதைவிடப் பெரிய தவறு, சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல்லின் இணைப்புகளைக் கெட்டிச் சிமெண்டால் அடைப்பது. சுண்ணாம்பு மென்மையானது, ஈரம் அதன் வழியே வெளியேறும், சுவரின் சிறு அசைவையும் அது தாங்கிக்கொள்ளும். சிமெண்ட் அடைத்துக்கொண்டால் ஈரம் செங்கல்லின் முகத்தின் வழியே வெளியேறப் பார்க்கும். சில வருடங்களில் முகம் பொரிந்து உதிரும், சிமெண்ட் கோடு மட்டும் சிலந்திவலை போல நீட்டி நிற்கும். சாவி முனையால் கீறிப் பாருங்கள்: தூளாக உதிர்ந்தால் சுண்ணாம்பு, சாவி வழுக்கினால் சிமெண்ட். பூச்சு வேலைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கூர்மணல் என்பதே பழைய கணக்கு.

அடுத்தது அரசமரம். பறவை போட்ட விதை செங்கல் இடுக்கில் முளைத்து, வேர் காரையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். நம் ஆட்கள் அதை வெட்டத் தயங்குவார்கள். தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. மலாயாவில் தண்டவாளத்தோரம் முனீஸ்வரர் கோயில்கள் நிறைய எழுந்தன. தடத்தில் வேலை பார்த்த தமிழர்கள் வேலைக்கு இறங்குமுன் கும்பிட்ட இடங்கள் அவை. அரசும் வேம்பும் அந்த இடங்களோடு ஒட்டியவை. இருந்தாலும் முட்டுச்சுவரில் முளைத்தது கன்றாக இருக்கும்போதே தீர்க்க வேண்டும். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் நான்கு செங்கல்லும் கூடவே வரும். தண்டை வெட்டி, வெட்டுமுகத்தில் களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு இணைப்பைத் தோண்டிச் சுண்ணாம்புக் காரை நிரப்ப வேண்டும். கட்டைவிரல் தடிமனில் இருக்கும்போது அரைநாள் வேலை. தொடை தடிமன் ஆகிவிட்டால் சுவரையே பிரித்துக் கட்ட வேண்டும்.

பாலத்துக்கு மேலே நடந்த வேலையைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறையாது. மலாயா ரயிலின் நிலைய அதிபர்களிலும் குமாஸ்தாக்களிலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். சிலாங்கூரின் பொறியாளராக 1890களில் வந்து, 1901இல் ஒன்றிணைந்த எப்.எம்.எஸ். (கூட்டு மலாய் மாநிலங்கள்) ரயில்வேக்குத் தலைமை ஏற்ற சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர் அதற்குமுன் இலங்கையில் வேலை பார்த்தவர். அந்தத் தொடர்பு இந்த ஆளெடுப்பில் தெரிகிறது. தண்டவாளத்தில் இறங்கிச் சம்மட்டி பிடித்த கேங் ஆட்களோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் துறைமுகம் வரை வந்த தென்னிந்திய ரயில்வேத் தடமும் மீட்டர் கேஜ், இங்கே அவர்கள் பராமரித்ததும் மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே அதே 1000 மில்லிமீட்டர்.

பாலத்தில் கேங்குக்கு ஓயாத ஒரு வேலை இருந்தது: பாலம் முடியும் இடத்தில் விழும் பள்ளம். பாலத்தின் மேல் தண்டவாளம் இரும்பின்மேல் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். பாலத்தைத் தாண்டியதும் ஜல்லியின்மேல், அதன் அடியில் மண்மேட்டின்மேல். மண் அமுங்கும், இரும்பு அமுங்காது. சில மாதங்களில் அந்த எல்லையில் தண்டவாளம் ஒரு விரல் அளவு தாழும். ஒவ்வொரு சக்கரமும் அந்தப் பள்ளத்தில் இறங்கி முட்டுச்சுவரை இடிக்கும், பள்ளம் மேலும் ஆழமாகும். சிலிப்பர் கட்டையைக் கடப்பாறையால் தூக்கி, அடியில் ஜல்லியைப் பீட்டர் என்ற கருவியால் அடித்துச் செருகி மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் மறுபடியும். ரயில் பாலத்தை நெருங்கும்போது கேட்கும் ‘தடக்’ என்ற ஒற்றை அடி இந்தப் பள்ளத்தின் சத்தம்தான். அது வரவரப் பலமாகிறது என்றால் யாரும் அடியில் ஜல்லி செருகவில்லை.

பழைய இரும்புப் பாலங்களில் ஜல்லியே கிடையாது. செங்கால் போன்ற கெட்டி மரத்தில் தடித்த கட்டைகளைக் கர்டருக்கு நேராகச் செதுக்கிப் பொருத்தி, கொக்கி போல்ட்டால் பிடித்திருப்பார்கள். கீழே நின்றால் கட்டைகளுக்கு நடுவே வானம் தெரியும். மழையும் எண்ணெயும் தலையில் சொட்டும். கொஞ்ச காலம் முன்புவரை பெட்டிக் கழிப்பறையிலிருந்தும் நேராக விழுந்தது. அந்த உப்புநீர் இரும்பை எப்படித் தின்றது என்பது குறுக்கு உத்திரங்களின் மேல்முகத்தைப் பார்த்தால் தெரியும். ஓடும் தண்டவாளங்களுக்கு உள்பக்கம் இன்னும் இரண்டு தண்டவாளங்கள் ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அவற்றில் சக்கரம் ஓடாது. பாலத்தின் மேல் வண்டி தடம் புரண்டால், சக்கரம் கர்டரை இடிக்காமலும் விளிம்பைத் தாண்டித் தெருவில் விழாமலும் பிடித்துவைக்கப் போட்ட காவல் அவை.

நீராவி எஞ்சின் போய் டீசல் வந்தபோது பாலங்களின் சுமை மாறியதையும் சொல்ல வேண்டும். மலாயா ரயில்வேயில் 1957இல் பெரிய டீசல் எஞ்சின்கள் வந்தன. நீராவி எஞ்சினின் பெரிய சக்கரங்களில் சமன் செய்ய வைத்த எடை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தண்டவாளத்தைச் சம்மட்டி போல அடிக்கும். பாலத்தின் கணக்கில் அந்த அடிக்குத் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். டீசலில் அது இல்லை. பழைய பாலங்கள் பல எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் தாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடையில் போர். 1941 டிசம்பரிலும் 1942 ஜனவரியிலும் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை போகிற வழியில் பாலங்களைத் தகர்த்துக்கொண்டே போனது. ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்கு வந்தது. பிறகு கிழக்குக் கரைத் தடத்தின் பெரும்பகுதியைப் பெயர்த்து, 415 கிலோமீட்டர் சயாம் பர்மா தடத்துக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்களையும் கொண்டுபோனார்கள்; அவர்களில் பெருந்தொகையானோர் திரும்பவில்லை. பழைய பாலத்தில் சம்பந்தமில்லாத அளவில் ஒரு கர்டர் இருந்தால், இரண்டு கர்டர்களின் ரிவிட் அமைப்பு ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், போருக்குப் பிந்திய அவசரப் பழுதா என்ற கேள்வியைக் குறித்துக்கொண்டு ஆவணத்தில் தேடலாம்.

இப்போது லோரி. ரயில் பாலத்துக்கு இன்றுள்ள முதல் எதிரி அதுதான். 14 அடி இடைவெளி விட்டுக் கட்டிய பாலம் என்று வைத்துக்கொள்வோம், 4.27 மீட்டர். சாதாரணக் கொள்கலனின் உயரம் 2.59 மீட்டர், டிரெய்லர் தளம் ஒன்றரை மீட்டர் என்றால் மொத்தம் 4.09. போய்விடும். உயரக் கொள்கலன் 2.9 மீட்டர், மொத்தம் 4.4. போகாது. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டி, ஓட்டுநருக்கு அதே டிரெய்லர்.

இதோடு முடியவில்லை. தெருவுக்கு 50 மில்லிமீட்டர் தார் புதிதாகப் போடுகிறார்கள். பழையதைச் சுரண்டாமல் மூன்று தடவை போட்டால் 15 சென்டிமீட்டர் காணாமல் போகும். 4.27 என்பது 4.12 ஆகிவிடும், பலகையில் பழைய எண் அப்படியே இருக்கும். பாரத்தோடு போனபோது தப்பிய டிரெய்லர் காலியாகத் திரும்பும்போது இடிக்கும். பாரம் இறங்கியதும் ஸ்பிரிங் தூக்கிவிடுகிறது. இதை நம்ப மறுக்கும் ஓட்டுநர்கள் உண்டு, காலையில் இதே வழியில்தானே போனேன் என்பார்கள். மூன்றாவது, கிண்ணக் குழிவு. நீளமான வண்டியின் முன்சக்கரம் ஏற்றத்திலும் பின்சக்கரம் இறக்கத்திலும் இருக்கும்போது நடு உடல் பள்ளத்தை ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கும். சக்கரங்களுக்கு நடுவே 10 மீட்டர், குழிவின் வளைவு ஆரம் 150 மீட்டர் என்றால் நடுவில் 8 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். ஆகவே பள்ளத்தின் அடியில் நாடா பிடித்து அளந்த உயரத்தைப் பலகையில் எழுதினால் அது பொய். இரண்டு பக்கச் சரிவிலும் 10 மீட்டர் நேர்க்கயிறு பிடித்து, அந்தக் கயிற்றிலிருந்து கர்டருக்கு அளந்து, கிடைத்ததில் மிகச் சிறிய எண்ணிலிருந்து இன்னும் கொஞ்சம் கழித்துத்தான் எழுத வேண்டும்.

பலகை மட்டும் வைத்தால் போதாது என்பதற்கு உலகமறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் டர்ஹம் நகரில் இருக்கிறது. அங்கே கிரெக்சன் தெருவுக்கு மேலிருக்கும் ரயில் பாலத்தின் இடைவெளி 11 அடி 8 அங்குலமாக இருந்தது. பலகை, மின்விளக்கு, உயரம் கண்டறியும் கருவி எல்லாம் வைத்தும் லோரிகள் கூரை உரிந்துகொண்டே இருந்தன. தெருவைத் தாழ்த்தலாம் என்றால் அடியில் பெரிய கழிவுநீர்க் குழாய். கடைசியில் 2019இல் பாலத்தை 8 அங்குலம் தூக்கினார்கள். அதற்குப் பிறகும் இடிக்கிறார்கள். அங்கே ரயிலைக் காத்தது முன்னால் தனியாக நிறுத்திய கெட்டி உத்திரம்தான். இடியை அது வாங்கிக்கொள்ளும், கர்டருக்குப் போகாது. நம் பாலங்களுக்கும் நான் முதலில் கேட்பது இதைத்தான். அதற்கும் முன்னால், திரும்பிப் போகக் கடைசிச் சந்திப்பு எதுவோ அங்கே சங்கிலி தொங்கும் உயர வாசல். பாலத்துக்குப் பத்து மீட்டர் முன்னால் வைத்த வாசலால் பயனில்லை. அங்கிருந்து டிரெய்லர் திரும்ப முடியாது.

இடித்துவிட்டால் என்ன பார்க்க வேண்டும்? கீழ் விளிம்பின் நசுங்கல் கண்ணுக்கு முதலில் தெரியும், ஆனால் அது இரண்டாம் பட்சம். முதலில் மேலே தண்டவாளம் நேராக இருக்கிறதா, கர்டர் பேரிங்கிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இலேசான தொட்டிப் பாலத்தைக் கனமான லோரி சில சென்டிமீட்டர் தள்ளிவிட முடியும். அந்த வளைவில் அடுத்த ரயில் வேகமாக வந்தால் கதை முடிந்தது. அடுத்து மூலைத் தகடுகள், பிறகு இடித்த இடத்துக்கு இருபுறமும் ரிவிட் தலை தெறித்திருக்கிறதா, பெயிண்ட் மயிரிழையாக வெடித்து அதன் வழியே துரு கசிகிறதா என்பது. தெருவில் நிற்பவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: சின்ன இடி என்று நினைத்துப் போய்விடாமல், போலீசுக்கோ பக்கத்து நிலையத்துக்கோ உடனே சொல்லி, பாலத்திலோ அருகிலோ எழுதியிருக்கும் கிலோமீட்டர் எண்ணையும் கொடுப்பது.

மழைநீரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1926இலும் 1971இலும் வந்த பெருவெள்ளங்களை அறிந்த ஊர் இது. 2007இல் வெள்ளநீரைத் திருப்பிவிடும் சுமார்ட் சுரங்கம் திறந்த பிறகும் குழிந்த பாலத்தடிகள் அரைமணி மழைக்கு நிரம்புகின்றன. பெரும்பாலும் பம்ப் கெட்டதால் அல்ல, அதன் குழியின் வாய்க்கம்பியில் பிளாஸ்டிக் பை அடைத்ததால்.

பெயிண்டுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய பாலங்களின் அடிப்பூச்சு செந்தூரச் சிவப்பில் இருந்தால் அது ஈயச் செந்தூரமாக இருக்கலாம். துருவை நன்றாகத் தடுக்கும், மனிதனுக்கு விஷம். உரிந்த செதிலைச் சுரண்டாதீர்கள். நினைவுக்கு என்று வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். மேலே ஏறவும் வேண்டாம். மின்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட், தொடாமலேயே பாயும்.

பார்த்ததை உறுதிசெய்ய ஆவணம் வேண்டும். சிலாங்கூர் செயலகக் கோப்புகளும் ரயில்வேயின் ஆண்டறிக்கைகளும் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய நாளிதழ்களில் மலாயாச் செய்திகள் குவிந்துகிடக்கின்றன. தேடும்போது இன்றைய பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. ஜாலான் துன் சம்பந்தன் அன்று பிரிக்பீல்ட்ஸ் ரோடு. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், பத்து ரோடு. ஜாலான் சுல்தான் ஹிஷாமுடின், விக்டரி அவென்யூ. ஜாலான் துன் எச்.எஸ். லீ, ஹை ஸ்ட்ரீட். அம்பாங் பக்கம் தேடுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 1996இல் ஓடத் தொடங்கிய எல்.ஆர்.டி. இலகு ரயில் தடத்தின் பெரும்பகுதி பழைய அம்பாங் கிளைத் தடத்தின் மேல் போட்டது. அங்கே பழைய பாலத்தின் இடம் கிடைக்கும், பழைய இரும்பு கிடைப்பது அரிது. 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன் நாளிதழின் பழைய இதழ்களையும் விட்டுவிடக் கூடாது. ஆங்கில ஏடு ‘கூலிகள்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்த ரயில்வே விபத்தில் ஆட்களின் பெயர் வேறெங்காவது இருக்குமானால், அது தமிழ் ஏட்டில்தான்.

பேராக்கின் காராய் விக்டோரியா பாலத்துக்கு நல்ல நேரம். 1900இல் முடிந்த அது, 2002இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகும் அப்படியே நிற்கிறது; மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். ஆற்றின் மேல் இடம் இருந்தது, இரண்டும் நிற்க முடிந்தது. நகரத் தெருவில் அந்த வசதி இல்லை. ஓர் இரவில் தடத்தை மூடி, பாரந்தூக்கியால் பழைய கர்டரைத் தூக்கிவிட்டுக் காலை முதல் வண்டிக்குள் புதியதை வைத்துவிடலாம். பழையது பழைய இரும்பு விலைக்குப் போகும்.

ஆகவே உங்கள் தெருவில் ஒன்று மிஞ்சியிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போங்கள். வாகனம் குறைவு, வெயில் சாய்வு. இரண்டு முட்டுச்சுவர்களையும் முழு உயரத்துக்குப் படமெடுங்கள். கர்டரின் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் விறைப்புப் பட்டைகளை எண்ணுங்கள். ஒரு மீட்டரில் எத்தனை ரிவிட் என்று முனையிலும் நடுவிலும் தனித்தனியே எண்ணுங்கள். கர்டரின் நகரும் முனைக்கும் பின்சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை, கைக்கெட்டும் தாழ்வில் இருந்தால் அளந்தும், இல்லாவிட்டால் ஒரு செங்கல்லின் உயரத்தோடு ஒப்பிட்டும் எழுதுங்கள். அதே அளவைப் பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி எடுங்கள். இடைவெளி சுருங்கியிருந்தால் பேரிங் வேலை செய்கிறது. சுருங்காமல், சுவரின் உச்சியில் புது விரிசலும் இருந்தால், தேதி போட்டு அந்தப் படத்தோடு ரயில்வேக்குக் கடிதம் எழுதுங்கள்.